மெருகு ஏறாத அகேட்: ஓரிகன் கடற்கரைக் கற்களை உருட்டும்போது வரும் குறைகளும் அவற்றுக்கான மருந்தும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், நியூபோர்ட் ஊரை ஒட்டிய அகேட் பீச், அதற்கு வடக்கே மூலாக், பெவர்லி பீச், தெற்கே யாஹாட்ஸ் என்று நீளும் பசிபிக் கரையில் பொறுக்கிய அகேட் கற்களை (ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ் வகைக் கற்கள்) வீட்டிலேயே டம்ப்ளரில், அதாவது கல்லைச் சுழற்றித் தேய்த்து மெருகேற்றும் இயந்திரத்தில், போட்டு உருட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறோம். உங்களிடம் இருப்பது 3 பவுண்டு கொள்ளும் ரப்பர் பேரல் (மூடியுள்ள உருளைக் கலம்) உள்ள சுழலும் வகை டம்ப்ளர் என்று வைத்துக்கொண்டே அளவுகளைச் சொல்லியிருக்கிறோம். 6 பவுண்டு பேரலாக இருந்தால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறை கண்ணில் படுவது ஒரு கட்டத்தில், அது உண்டானது பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்தில். மெருகு ஏறவில்லை என்று மெருகுப் பொடியை மாற்றி மாற்றி வாங்குபவர்கள் பலர். கோளாறு முதல் வாரத்திலேயே, சில நேரம் கரையில் கல்லைக் குனிந்து எடுத்தபோதே நடந்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும்

நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றும் இரவு பகலாக ஏழு நாள். முதலில் 60/90 சிலிக்கான் கார்பைடு கிரிட் (கல்லைத் தேய்க்கும் பொடி, எண் கூடக் கூட மணி நுண்மையாகும்), அடுத்து 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு மெருகுப் பொடி. ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைதட்டி நான்கு மேசைக்கரண்டி. கல் பேரலில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை இருக்க வேண்டும். தண்ணீர் மேல் அடுக்குக் கற்களின் அடிப்பாகத்தைத் தொட்டால் போதும், கற்கள் மூழ்கக் கூடாது. பெரிய கல் 35 மில்லிமீட்டர், சிறியது 10 மில்லிமீட்டர் என்ற வரம்புக்குள் எல்லா அளவும் கலந்திருக்கட்டும். பெரிய கல் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

பேரலில் 3 பவுண்டு என்று போட்டிருந்தால் கல், தண்ணீர், கிரிட் எல்லாம் சேர்ந்த எடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

கரையில் மணலைத் தவிர ஒன்றுமே இல்லை

வந்த காலம் தவறு. கோடையில் மென்மையான அலைகள் மணலைக் கரைக்குத் தள்ளிக் கூழாங்கல் படுகையை மூடிவிடும். குளிர்காலப் புயல் அலைகள் அதே மணலை உள்ளே இழுத்துப் போனால்தான் படுகை வெளியே தெரியும். டிசம்பர் முதல் மார்ச் வரை, ஒரு புயல் ஓய்ந்த மறுநாள், தாழ்நீர் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நீர் இறங்க இறங்கத் தேடுங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் காலை அல்லது மாலையில், சூரியனைப் பார்த்தபடி நடந்தால் ஒளி கல்லின் ஊடே வந்து கண்ணில் படும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நடப்பவருக்கு அதே கல் சாதாரணக் கூழாங்கல்லாகத்தான் தெரியும்.

கல்லைப் பார்த்துக்கொண்டே கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மற்றவற்றைவிடப் பல மீட்டர் உள்ளே ஏறிவரும் அலைகள் இந்தக் கரையில் உண்டு. கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகளின் மேல் உட்காரவும் கூடாது. சில அங்குல நீரே அவற்றைத் தூக்கிப் புரட்டிவிடும். மழையில் ஊறிய செங்குத்து மண்சரிவின் அடியில் தோண்டுவதும் அதே அளவு ஆபத்து.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1967-இல் வந்த கடற்கரைச் சட்டத்தால் ஓரிகன் கரை முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ஒரு நாளில் ஒரு காலன், ஓராண்டில் மூன்று காலன் வரை அகேட் எடுக்கலாம். ஒரு காலன் என்பது ஏறத்தாழ 3.8 லிட்டர். ஆனால் நியூபோர்ட்டுக்குச் சற்று வடக்கே கலங்கரை விளக்கம் இருக்கும் யக்வினா ஹெட் பகுதியில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அங்குள்ள கரிய உருண்டைக் கல் கரை ஆசையைத் தூண்டும், பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

கரையில் மின்னிய கல் வீட்டுக்கு வந்ததும் மங்கிவிட்டது

கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடல் அதன் மேற்பரப்பைக் கோடிக்கணக்கான சிறு மோதல்களால் பொத்துவைத்திருக்கிறது. ஈரமாக இருக்கும்போது தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பிக் கண்ணாடி போன்ற பரப்பைத் தருகிறது, காய்ந்ததும் குழிகள் ஒளியைச் சிதறடித்துப் பனி படிந்ததுபோல் காட்டுகின்றன. எண்ணெய் தடவினால் சில நாள் மின்னும், ஆனால் பிறகு உருட்டும்போது அந்த எண்ணெய் தொல்லை. தடவாதீர்கள்.

உருட்டும் வேலை முழுவதிலும் இந்த ஏமாற்று தொடரும். ஈரக் கல் எப்போதும் முடிந்துவிட்டதுபோலவே தோன்றும். எந்தக் கட்டத்திலும் கல்லை நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, விளக்கடியில் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்கு நகர்த்துங்கள்.

சில கற்கள் மட்டும் கரைந்து சிறுத்துவிட்டன, அல்லது சர்க்கரைபோல் சொரசொரக்கின்றன

அவை அகேட் இல்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அகேட்டின் கடினம் 6.5 முதல் 7. கத்தி முனையால் அழுத்திக் கீறினாலும் கோடு விழாது, கத்தியின் இரும்பு வேண்டுமானால் சாம்பல் நிறத்தில் ஒட்டும். கோடு விழுந்தால் அது கால்சைட்டாக இருக்கலாம், கடினம் 3 தான். கீறிய இடத்தில் வினிகர் ஒரு சொட்டு விட்டால் மெதுவாகக் குமிழி வரும். கடலில் தேய்ந்த பாட்டில் கண்ணாடியும் அகேட் என்று பைக்குள் வந்துவிடும். லென்ஸில் பார்த்தால் உள்ளே உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரியும். சர்க்கரைபோல் மணிமணியாக உடைபடுவது குவார்ட்சைட். அது எத்தனை வாரம் ஓடினாலும் அகேட்டின் மெருகுக்கு வராது.

அகேட்டின் இனமான, ஒளி ஊடுருவாத ஜாஸ்பரும் கல்லாக மாறிய மரமும் இதே கரையில் கிடைக்கும். கெட்டியான ஜாஸ்பரை அகேட்டுடன் சேர்த்து ஓட்டலாம். மென்மையான திட்டுகள் உள்ளதைச் சேர்க்காதீர்கள், திட்டு முதலில் தேய்ந்து பள்ளமாகிவிடும்.

டார்ச் ஒளியில் கல்லைத் திருப்பும்போது உள்ளே ஒரு குமிழி நகர்ந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். உள்ளே நீர் அடைபட்ட அகேட் அது. உருட்டினால் சுவர் தேய்ந்து நீர் போய்விடும், அதை மீண்டும் நிரப்ப வழியே கிடையாது.

முதல் கட்டம் ஏழு நாள் ஓடியும் கல் போட்டபடியே இருக்கிறது

பேரலைத் திறக்கும் முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சரியாக ஓடும் பேரலில் இடைவிடாத ஒரே சீரான சரசரப்பு கேட்கும். டொக் டொக் என்று தனித்தனியாக விழுந்தால் கல் குறைவு அல்லது தண்ணீர் அதிகம். எந்தச் சத்தமும் இல்லாமல் மந்தமாகச் சுற்றினால் பேரலை அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறீர்கள். கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிய இடமில்லாமல் மொத்தமும் ஒரே கட்டியாகச் சேர்ந்து சுற்றுகிறது.

அடுத்து, கல்லும் கிரிட்டும் தேய்ந்து தண்ணீரோடு கலந்து பேரலில் உண்டான சேற்றைத் தொட்டுப் பாருங்கள். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தேய்த்தால் நறநறவென்று இருந்தால் கிரிட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, மூன்று நாள் கூட ஓட்டலாம். வழவழவென்று இருந்தால் கிரிட் உடைந்து பொடியாகிவிட்டது. இனி எத்தனை நாள் ஓட்டினாலும் மின்சாரம்தான் செலவாகும். சேற்றைக் கொட்டி, கற்களைக் கழுவி, புதிதாக நான்கு கரண்டி 60/90 போட்டு மறுபடி ஏழு நாள் விடுங்கள். முதல் கட்டத்தை மூன்று நான்கு முறை திரும்ப ஓட்டுவது வழக்கம்தான், அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

சேற்றின் பதமும் முக்கியம். நாலைந்து நாள் ஓடிய பிறகு கரைத்த தோசை மாவு பதத்தில் கல்மேல் ஒட்டி வழிய வேண்டும். தண்ணீராகவே ஓடினால் கிரிட் அடியில் தங்கிவிடும், கல் வெறுமனே மோதிக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீரைக் குறையுங்கள்.

எல்லாக் கல்லும் ஒரே அளவு என்றாலும் வேலை நடக்காது. பெரிய கல்லின் வளைவுகளிலும் பள்ளங்களிலும் கிரிட்டை அழுத்தித் தேய்ப்பவை சிறியவை. சிறு அகேட் போதாவிட்டால் பீங்கான் மீடியா, அதாவது கற்களுக்கு இடையே நிரப்பும் சிறு பீங்கான் துண்டுகள், வாங்கி நிரப்புங்கள். விற்பனையில் சிறு உருளை வடிவில் வரும். கற்கள் தேய்ந்து பேரல் பாதிக்குக் கீழே இறங்கினாலும் அதே மீடியாவால் மறுபடி மூன்றில் இரண்டு பங்குக்கு ஏற்றுங்கள். புதிதாகப் பொறுக்கிய கல்லை முதல் கட்டத்தில் மட்டும்தான் நடுவில் சேர்க்கலாம்.

உருண்டையாகிவிட்டது, ஆனால் மேலெல்லாம் பிறை வடிவ வெள்ளைத் தழும்பு

கடற்கரை அகேட்டுக்கே உரிய குறை இது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பெரும்பாலான பேரல்கள் வீணாகின்றன.

அலைகள் கல்லைக் கல்லோடு அறையும்போது ஒவ்வொரு அடியிலும் மேற்பரப்பின் கீழே கூம்பு வடிவில் ஒரு சிறு விரிசல் இறங்குகிறது. மேலே அதன் விளிம்பு மட்டும் நகக்கீறல் போன்ற பிறையாகத் தெரியும். கையில் தடவினால் கல் வழவழப்பாகவே இருக்கும். அதனால் “கடலே பாதி வேலையை முடித்துவிட்டது, 120/220-லிருந்து தொடங்கினால் போதும்” என்ற அறிவுரை எங்கும் உலவுகிறது. எங்கள் கருத்து இதற்கு நேர் எதிர். கடற்கரைக் கல் உருவத்தில் முடிந்த கல், தோலில் முடியாத கல். விரிசல் எவ்வளவு ஆழம் போகிறதோ அந்த அளவுக்குத் தோலை எடுத்தாக வேண்டும். அதைச் செய்ய வலுவுள்ளது 60/90 மட்டுமே.

120/220 அந்தப் பிறைகளின் ஓரங்களை மழுக்கும், அவ்வளவுதான். மெருகு ஏறிய பிறகு சுற்றியுள்ள பரப்பு கண்ணாடியாக, பிறைகள் வெள்ளையாக, முன்பைவிடத் துலக்கமாகத் தெரியும். அந்த நிலையில் மெருகுக் கட்டத்தை நீட்டிப் பயனில்லை, முதல் கட்டத்துக்கே திரும்ப வேண்டும்.

முதல் கட்டத்தின் முடிவில் செய்ய வேண்டியது இது. கற்களைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாக மேசை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்புங்கள். மூன்று கிண்ணம் வையுங்கள். பிறையே இல்லாதவை ஒன்றில், அடுத்த கட்டத்துக்கு. பிறை உள்ளவை இரண்டாவதில், அவை மறுபடி 60/90-க்கு. ஊடுருவும் விரிசல் உள்ளவை மூன்றாவதில். விரிசலைப் பிறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டார்ச்சைக் கல்லுக்குப் பின்னால் பிடித்தால் விரிசல் உள்ளே ஒரு தகடுபோல் பளிச்சென்று ஒளிரும். அந்தக் கல்லைச் சுத்தியால் விரிசல் வழியே உடைத்துத் துண்டுகளை மறுபடி முதல் கட்டத்தில் போடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். உடைக்கும்போது கண்ணாடி அணிந்து, கல்லைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். அகேட்டின் சில்லு பிளேடுபோல் இருக்கும். விரிசல் கல்லை இரக்கப்பட்டு முன்னே அனுப்பினால் மெருகுக் கட்டத்தில் அது பிளந்து, கூரான சில்லு ஒன்றே பேரல் முழுவதையும் கீறிவிடும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு பேரலிலிருந்து கால்பங்கு கல் மட்டுமே தேறும். தேறியவற்றைச் சேர்த்துவைத்து, ஒரு முழுப் பேரல் சேர்ந்த பிறகு இரண்டாம் கட்டத்தைத் தொடங்குவதே நல்லது.

கல்லின் கடல் வடிவம் மாறக் கூடாது என்று விரும்புபவர்களுக்குச் சுழலும் டம்ப்ளர் ஏற்றதல்ல. அது எதையும் உருண்டையாக்கும். அதிர்வு வகை இயந்திரம் வடிவத்தைத் தொடாமல் பரப்பை மட்டும் மெருகேற்றும், ஆனால் ஆழமான பிறைகளை அதனால் எடுக்க முடியாது.

பேரல் வீங்கியிருக்கிறது, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது

உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. முதல் கட்டத்தில்தான் அதிகம் வரும். அப்படியே விட்டால் மூடி தெறித்துச் சேறு தரையெல்லாம் கொட்டும். நாள்தோறும் ஒருமுறை பேரலை நிமிர்த்தி, முகத்தை விலக்கி, மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். அடுத்த முறை கல்லுடன் அரைக் கரண்டி சமையல் சோடா சேர்த்துப் பாருங்கள்.

கல்லில் ஒட்டிய சிப்பித் துணுக்கும் கொட்டலசும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து வந்ததும் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு ஓர் இரவு வினிகரில் போட்டால் சுண்ணாம்பு ஒட்டுகள் கரைந்துவிடும், அகேட்டுக்கு ஒன்றும் ஆகாது.

மூடி ஓரத்தில் கசிகிறது

பத்தில் ஒன்பது முறை காரணம் மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் சிக்கிய கிரிட் மணிதான். கிரிட்டைக் கொட்டும்போது விளிம்பில் படாமல் காகிதக் கூம்பு வைத்துக் கொட்டுங்கள். மூடும் முன் விளிம்பையும் மூடியின் பள்ளத்தையும் ஈரத் துணியால் துடையுங்கள். மூடியை அழுத்தி உள்ளே உள்ள காற்றை வெளியேற்றிவிட்டுத் திருகை இறுக்குங்கள். கசிந்த நீர் பேரலைச் சுழற்றும் உருளைகளில் பட்டால் பேரல் வழுக்கி நின்றுவிடும், டம்ப்ளரின் அடியில் ஒரு தட்டு வைத்திருங்கள்.

இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் புதிதாக விளிம்புகள் வெளுக்கின்றன

முதல் கட்டத்தில் இல்லாத வெள்ளைத் தழும்பு இப்போது வந்தால் அது கடல் செய்ததல்ல, உங்கள் பேரல் செய்கிறது. கற்கள் சரிந்து இறங்காமல் விழுகின்றன. பேரல் பாதிதான் நிரம்பியிருக்கும், அல்லது பெரிய கற்கள் மட்டும் இருக்கும், அல்லது சேறு நீர்த்திருக்கும். பீங்கான் மீடியாவால் நான்கில் மூன்று பங்கு வரை நிரப்புங்கள். 500-லும் மெருகிலும் பிளாஸ்டிக் மணிகளும் மெத்தைபோல் தாங்கும், ஆனால் அவற்றில் கிரிட் பதிந்துவிடும். 500-க்கு வைத்த பிளாஸ்டிக்கை மெருகில் பயன்படுத்தவே கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

இரண்டாம் கட்டத்தின் நடுவில் கிரிட்டைப் புதுப்பிக்காதீர்கள். முதல் கட்டத்தில் கிரிட் உடைவது இழப்பு. இரண்டிலும் மூன்றிலும் அது உடைய உடையப் பரப்பு மென்மையாகிறது. நடுவில் புதுக் கிரிட் போட்டால் பழைய கீறல்களைத் திரும்பப் போடுகிறீர்கள்.

மெருகுக் கட்டம் முடிந்தும் பளபளப்பு இல்லை

ஒரு கல்லை எடுத்துக் கழுவிக் காயவைத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், ஜன்னல் வெளிச்சம் பரப்பில் சறுக்கும்படி பிடித்துப் பாருங்கள். என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பளபளப்பான பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நேர்க்கோட்டுக் கீறல்கள் தெரிந்தால் முரட்டு மணி ஏதோ கலந்துவிட்டது. 60/90-இன் ஒரு மணி போதும். அது கல்லின் குழிக்குள், மூடியின் பள்ளத்தில், பேரலின் ரப்பர் சுவரில் ஒளிந்திருக்கும். கடற்கரைக் கல்லில் இன்னொரு வழியும் உண்டு. குழிகளில் அடைந்திருக்கும் கடல் மணல். அதுவும் குவார்ட்ஸ்தான், அகேட்டுக்கு நிகரான கடினம். முதல் கட்டத்தில் அது பிரச்சினையே இல்லை. அங்கே வெளியேறாமல் தங்கி, கடைசிக் கட்டத்தில் உதிர்ந்தால் கீறிவிடும். அந்த மெருகுப் பொடியை முழுவதும் கொட்டிவிடுங்கள், சேமிக்காதீர்கள். பேரலைத் தூரிகையால் தேய்த்து, பீங்கான் மீடியாவும் சோப்புத் தண்ணீரும் மட்டும் போட்டு ஒரு நாள் ஓட்டிக் கழுவுங்கள். குழி உள்ள கற்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேயுங்கள். பிறகு 500-லிருந்து மீண்டும் தொடங்குங்கள். கீறல் லென்ஸ் இல்லாமலே கண்ணுக்குத் தெரிந்தால் 120/220-க்குப் போக வேண்டும்.

பரப்பு முழுவதும் ஒரே சீராக மூடுபனிபோல் மங்கியிருந்தால் முந்தைய கட்டம் முடியவில்லை, அல்லது மெருகுக்கு நாள் போதவில்லை. இரண்டில் எது என்று அறிய எளிய சோதனை உண்டு. பழைய தோல் துண்டிலோ ஜீன்ஸ் துணியிலோ மெருகுப் பொடியைக் குழைத்துப் பூசி, கல்லின் ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேயுங்கள். அந்த இடம் மட்டும் பளிச்சென்றால் கல் தயாராகவே இருக்கிறது, பேரலில் கூடுதலாக நாலைந்து நாள் ஓட்டினால் போதும். தேய்த்த இடமும் மங்கலாகவே இருந்தால் 500-க்குத் திரும்புங்கள். சந்தேகம் வரும் போதெல்லாம் நாங்கள் 500-இன் பக்கமே சாய்வோம். கண்ணாடி மெருகின் பெரும்பங்கு அங்கேதான் தீர்மானமாகிறது. 500 முடிந்து காய்ந்த கல், மெருகுப் பொடியைத் தொடாமலே லேசாக ஒளிர வேண்டும், ஜன்னலின் உருவம் மங்கலாகவாவது அதில் விழ வேண்டும்.

மேடான இடங்களில் மட்டும் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பேரலில் மெத்தை போதவில்லை. மேலே மீடியாவைப் பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

மங்கல் இருக்கிறது, ஆனால் நகத்தால் சுரண்டினால் பட்டையாக அகலுகிறது என்றால் அது பொடியின் படலம். வெங்காரம், அதாவது கடையில் போராக்ஸ் என்று கிடைப்பதை, ஒன்றரைக் கரண்டி போட்டு, தண்ணீர் ஊற்றி, கற்களோடு இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். நான்கு கட்டமும் ஒழுங்காக முடிந்த கல்லுக்கும் கடைசியில் இந்தக் குளியல் கொடுத்தால் பளபளப்பு ஒரு படி கூடும். மணமோ ஈரப்பதப் பொருளோ கலந்த சலவைப் பொடியை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள்.

மெருகுக்குத் தனிப் பேரல் ஒன்று வைத்துக்கொள்வது நாங்கள் சொல்லக்கூடிய மிகச் சிறந்த ஒரே செலவு. அதில் கிரிட் ஒருபோதும் நுழையக் கூடாது. பொடியைப் பொறுத்தவரை அகேட்டுக்கு அலுமினியம் ஆக்சைடு நன்றாகவே வேலை செய்யும். சீரியம் ஆக்சைடும் அழகாக மெருகேற்றும், விலை கூடுதல்.

மெருகு அருமை, ஆனால் குழிகளில் வெள்ளைப் பொடி அடைந்திருக்கிறது

காய்ந்தால் எடுப்பது கடினம். பேரலிலிருந்து எடுத்ததும் காயவிடாமல் வெங்காரத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். மூக்குக் கண்ணாடி கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் அதில் சில நிமிடம் விட்டாலே வெளியேறிவிடும். ஆழமான குழி உள்ள கல்லை முதல் கட்டத்திலேயே ஒதுக்கியிருந்தால் இந்த வேலை வந்திருக்காது.

பேரல் சுற்றாமல் நிற்கிறது, மோட்டார் மட்டும் உறுமுகிறது

முதலில் எடையைப் பாருங்கள். சரியாக இருந்தால் மோட்டாரையும் உருளையையும் இணைக்கும் வாரைப் பாருங்கள், தளர்ந்து மினுமினுத்தால் மாற்றுங்கள். கூடுதலாக ஒரு வார் வாங்கி வைத்திருப்பது அவசியம், மூன்றாம் வாரத்தில் அறுந்தால் கடை தேடி அலைய முடியாது. உருளைகளின் இரு முனைகளிலும் ஒரு சொட்டு எண்ணெய் போதும், அதற்கு மேல் விட்டால் வாரில் வழிந்து வழுக்கும். உருளையில் படிந்த சேற்றைத் துடையுங்கள்.

அமெரிக்காவில் வாங்கிய டம்ப்ளரை ஊருக்கு எடுத்து வந்து மின்மாற்றி வைத்து ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மின்மாற்றி 230 வோல்ட்டை 115 ஆக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், கூடுதலாகச் சூடாகும். முதல் கட்டத்துக்கு இரண்டொரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், எடையையும் குறையுங்கள். அடாப்டரில் ஓடும் சிறு இயந்திரங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

சிங்க் அடைத்துக்கொண்டது

சேற்றைச் சிங்கில் கொட்டியிருக்கிறீர்கள். அது குழாயின் வளைவில் படிந்து சிமெண்ட்போல் இறுகும், அடைப்பு நீக்கும் ரசாயனம் எதுவும் கரைக்காது. வளைவுக் குழாயைக் கழற்றி வாளியில் கவிழ்த்துக் குச்சியால் சுரண்டி எடுப்பதே வழி. இனிமேல் கற்களைச் சல்லடையில், வாளியின் மேல் வைத்துக் கழுவுங்கள். வாளியை ஓர் இரவு அசையாமல் விட்டால் சேறு அடியில் படியும். தெளிந்த நீரை மண்ணில் ஊற்றிவிட்டு, சேற்றை ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தரையில் சிந்தியதைக் காயவிட்டுப் பெருக்காதீர்கள். காய்ந்த சிலிக்காத் தூசு நுரையீரலுக்குக் கேடு, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.